கடற்கரை விருந்தும் கரும்புத் தோட்டமும்



கப்பல் என்றதும் நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு ரஜுலாதான் நினைவுக்கு வரும். 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அந்தக் கப்பல், 1970களின் தொடக்கம் வரையில் சென்னைக்கும் நாகப்பட்டினத்திற்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்குமாக ஓடியது. டெக் பயணிகளாக வந்த நம்மவர்கள் பாயை விரித்த இடத்தில் படுத்து, கொடுத்த சோற்றைத் தின்று, கடல் மயக்கத்தில் வாந்தியெடுத்துக்கொண்டே கரை சேர்ந்தார்கள். அவர்களுக்குக் கப்பல் என்பது பிழைப்பைத் தேடிப் போகும் வழி. ஊர் போய்ச் சேர்ந்தால் போதும் என்றுதான் பயணம் செய்தார்கள்.

ஆனால் எந்த ஊருக்கும் போய்ச் சேரவேண்டிய அவசியம் இல்லாமல், கடலில் விளையாடுவதற்காகவே கப்பல் ஏறுகிறவர்களும் உலகில் இருக்கிறார்கள். சிறிய சொகுசுக் கப்பலில் போவார்கள். ஆளரவமற்ற கடற்கரையில் இறங்குவார்கள். நீந்துவார்கள், படகு ஓட்டுவார்கள், மணலில் விருந்துண்டு மாலையில் கப்பலுக்குத் திரும்புவார்கள். இந்தப் பழக்கம் எப்படி வந்தது? அந்த விருந்து நடக்கும் கடற்கரையில் முன்பு யார் இருந்தார்கள்? இன்றைய உரையில் இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை காண்போம். இரண்டாவது கேள்வியின் விடையில் நம்மவர்களும் வருகிறார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

உல்லாசக் கப்பல் பயணம் ஒரு வியாபாரியின் கணக்கிலிருந்து பிறந்தது. ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் ஆல்பர்ட் பாலின் என்பவர் ஒரு பெரிய கப்பல் நிறுவனத்தை நடத்திவந்தார். ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்கு ஆட்களை ஏற்றிச் செல்வது அவருடைய தொழில். குளிர்காலத்தில் அட்லாண்டிக் கடல் கொந்தளிக்கும்; பயணிகள் குறைவார்கள்; கப்பல் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கும் கப்பலுக்கும் செலவு உண்டு அல்லவா? எனவே 1891ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், ஆகுஸ்டா விக்டோரியா என்னும் கப்பலில் 241 செல்வந்தர்களை ஏற்றி, வெயில் காயும் மத்தியதரைக் கடலைச் சுற்றிக் காட்டினார். அந்த முயற்சி நல்ல பலன் தந்தது. 1900ஆம் ஆண்டில் உல்லாசப் பயணத்திற்கென்றே பிரின்செஸ்ஸின் விக்டோரியா லூயிஸே என்ற கப்பலைக் கட்டினார்கள். சரக்கு ஏற்றாத, குடியேறுவோரை ஏற்றாத, உல்லாசத்திற்கு மட்டுமேயான கப்பல் அது. அதன் ஆயுள் நீடிக்கவில்லை. 1906ஆம் ஆண்டு டிசம்பரில் ஜமைக்காத் தீவின் அருகே தரை தட்டி அழிந்தது. பயணிகள் அனைவரும் உயிர் தப்பினர். கப்பல் தலைவர் மட்டும் அவமானம் தாங்காமல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

ஜமைக்கா அமைந்திருக்கும் கடலுக்குக் கரீபியன் கடல் என்று பெயர். வட அமெரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் இடையே, மாலை உதிர்ந்து சிதறியதுபோல் தீவுகள் நிறைந்த கடல் அது. மேற்கிந்தியத் தீவுகள் என்று கிரிக்கெட் பந்தயங்களில் கேள்விப்படுகிறோமே, அவை இவைதாம். அந்தக் கடலுக்கு அமெரிக்க உல்லாசிகளைப் பழக்கியவை வாழைப்பழக் கப்பல்கள். 1899ஆம் ஆண்டில் அமைந்த யுனைட்டெட் ஃபுரூட் நிறுவனம், தோட்டத்து வாழைத்தார்களை ஏற்றிவரக் கப்பல் விட்டது. பழம் சூட்டில் பழுத்துவிடக் கூடாது என்பதற்காக அக்கப்பல்களுக்கு வெள்ளை வண்ணம் பூசினார்கள். அதே கப்பல்களில் உல்லாசப் பயணிகளுக்கும் அறைகள் இருந்தன. மேலே பயணிகள் இளைப்பாற, கீழே தொழிலாளர் வெட்டிய வாழைத்தார்கள் குளிர்ந்துகொண்டு வந்தன.

காலப்போக்கில் உல்லாசக் கப்பல்கள் பெருத்துக்கொண்டே போயின. 2024ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய ஒரு கப்பலில் 7,000க்கும் அதிகமான பயணிகள் ஏறலாம். நம் நாட்டில் பல தோட்டங்களைச் சேர்த்தாலும் அத்தனை பேர் தேறமாட்டார்கள். இவ்வளவு கூட்டத்தோடு போக விரும்பாத பணக்காரர்கள் சிறிய கப்பலை நாடினார்கள். 1984ஆம் ஆண்டில் சீ காடெஸ் என்ற கப்பல் வந்தது. அதில் ஏறக்கூடியவர்கள் சுமார் 120 பேர்தான். 1986ஆம் ஆண்டில் விண்ட் ஸ்டார் என்ற நான்கு பாய்மரக் கப்பல் வந்தது. 148 பயணிகளை ஏற்றும் அக்கப்பலின் பாய்களை விரிப்பதும் சுருட்டுவதும் கம்ப்யூட்டர்.

சிறிய கப்பலுக்கு ஒரு வசதி உண்டு. பெரிய துறைமுகம் இல்லாத சின்னஞ்சிறு தீவுக்கும் அது போய் நங்கூரம் பாய்ச்சும். கப்பலின் பின்பக்கச் சுவர், லாரியின் பின்கதவைப் போலக் கீழ்நோக்கித் திறக்கும். திறந்ததும் அதுவே நீர்மட்டத்தில் ஒரு மேடையாகிவிடும். பயணிகள் அந்த மேடையிலிருந்தே கடலில் குதிக்கலாம். சிறு படகில் ஏறலாம். கரையில் இறங்குவதற்கு, காற்றடைத்த ரப்பர் படகுகள் போய் வரும்.

அங்கே நடக்கும் நீர் விளையாட்டுகளைக் கொஞ்சம் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். இன்று விளையாட்டாக இருப்பவற்றுள் சில, நேற்று ஏழைகளின் தொழிற்கருவிகளாக இருந்தவை. துடுப்புப் போட்டு ஒருவர் அல்லது இருவர் ஓட்டும் ஒடுங்கிய படகைக் கயாக் என்கிறார்கள். அது வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்கள், கடல்நாய்களை வேட்டையாடத் தோலால் செய்த படகு. இரண்டு உடல்களை இணைத்துக் கட்டிய உல்லாசப் பாய்ப்படகைக் காட்டமரான் என்கிறார்கள். இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் தமிழ்ச் சொல்லாகிய கட்டுமரம்தான் அது. சோழமண்டலக் கரை மீனவர்களின் கட்டுமரத்தைக் கண்ட ஆங்கிலேயர், அந்தச் சொல்லைத் தம் மொழியில் எடுத்துக்கொண்டனர். இரட்டை உடல் படகின் அமைப்பு பசிபிக் தீவு மக்களுடையது. பெயர் மட்டும் நம்முடையது.

வேறு சில விளையாட்டுகள் புதிய கண்டுபிடிப்புகள். முதுகில் காற்றுக் குப்பியைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் நீந்தும் கருவியை, 1943ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டின் கூஸ்தோவும் காஞானும் உருவாக்கினர். காலில் பலகைகளைக் கட்டிக்கொண்டு, விசைப்படகு இழுக்க நீர்மேல் சறுக்கிச் செல்வதை 1922ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓர் ஏரியில் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற இளைஞர் செய்து காட்டினார். இவையெல்லாம் சேர்ந்துதான் இன்றைய நீர் விளையாட்டு.

இனி விருந்துக்கு வருவோம். விருந்தாளிகள் கரை இறங்குவதற்கு முன்பே ஊழியர்கள் இறங்கிவிடுவார்கள். மேசை, நாற்காலி, குடை, அடுப்பு, ஐஸ் பெட்டி, பீங்கான் தட்டு அனைத்தையும் படகில் ஏற்றி, அலையில் நனையாமல் சுமந்து, மணலில் பரப்பவேண்டும். மீனும் இறைச்சியும் தணலில் வாட்டப்படும். இடுப்பளவு நீரில் சீருடையோடு நின்று, நீந்துகிறவர்களுக்கு மீன்முட்டையும் மதுவும் வழங்கும் ஊழியர்களும் உண்டு. மாலையில் எல்லாவற்றையும் திரும்பக் கட்டி, ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் மணலைச் சுத்தம் செய்துவிட்டுக் கடைசிப் படகில் ஏறுவார்கள். பிறகு கப்பலில் இரவுச் சாப்பாட்டு வேலை காத்திருக்கும்.

பிலிப்பீன்ஸ், இந்தோனேசியா, இந்தியா முதலிய நாடுகளிலிருந்து குடும்பத்தைப் பிரிந்து பல மாத ஒப்பந்தத்தில் வந்தவர்கள் இவ்வூழியர்களுள் பலர். கடல் தொழிலாளருக்கென்று 2006ஆம் ஆண்டில் உலகத் தொழிலாளர் அமைப்பு ஓர் ஒப்பந்தத்தை நிறைவேற்றி, அது 2013ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஊழியருக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், ஒரு வாரத்தில் குறைந்தது 77 மணி நேரமும் ஓய்வு தரவேண்டும். இந்த ஓய்வுக் கணக்கைப் பின்பற்றும் கப்பலில், வாரத்துக்கு 91 மணி நேரம் வேலை வாங்கினாலும் அது விதிக்குள் அடங்கும். விடியற்காலைப் பெரட்டுக்கு எழுந்து பழகிய குடும்பங்களுக்கு இந்தக் கணக்கின் பொருளை நான் விளக்கவேண்டியதில்லை.

நேயர்களே, இப்போது அந்தக் கடற்கரையையே பார்ப்போம். சிறிய உல்லாசக் கப்பல்கள் விரும்பிச் செல்லும் இடங்களுள் ஒன்று கிரனடின்ஸ் தீவுக்கூட்டம். கரீபியன் கடலின் தென்கிழக்கில், செயின்ட் வின்சென்ட் என்ற தீவுக்கும் கிரனடா என்ற தீவுக்கும் நடுவே அது கிடக்கிறது. பெக்வே, மஸ்டீக், கானுவான், மைரோ, யூனியன் என்று ஒவ்வொன்றும் சிறு தீவு. மைரோவில் வாழ்பவர்கள் சுமார் 300 பேர்தான். வெண்மணலும் பச்சை நிறக் கடலுமாகப் படத்தில் பார்ப்பதற்கு மிக அழகாக இருக்கும். மனிதன் கால் வைக்காத இடம்போலவும் தோன்றும். ஆனால் அந்த மணலுக்கு நீண்ட வரலாறு உண்டு.

செயின்ட் வின்சென்ட் 1763ஆம் ஆண்டில் பிரிட்டிஷார் கைக்கு வந்தது. அங்கே கரிஃபுனா என்ற மக்கள் வாழ்ந்தனர். தங்கள் நிலத்தைக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொடுக்க மறுத்துப் போரிட்டனர். அவர்களுடைய தலைவர் ஜோசப் சட்டோயர் 1795ஆம் ஆண்டில் கொல்லப்பட்டார். தோற்ற மக்களில் ஏறத்தாழ 5,000 பேரைப் பிடித்து, தண்ணீர் வசதியில்லாத பாலிசோ என்ற குட்டித் தீவில் அடைத்தார்கள். கிரனடின்ஸ் தீவுகளில் அதுவும் ஒன்று. நோயாலும் பட்டினியாலும் அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அங்கேயே மாண்டனர். எஞ்சியவர்களை 1797ஆம் ஆண்டில் மத்திய அமெரிக்கக் கரைக்கு நாடு கடத்தினர். 2002ஆம் ஆண்டில் செயின்ட் வின்சென்ட் நாடு சட்டோயரைத் தன் முதல் தேசிய வீரராக அறிவித்தது.

நிலம் தோட்டமுதலாளிகளுக்குக் கிடைத்தது. வேலைக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். பெருந்தீவில் கரும்பு, சிறு தீவுகளில் கரும்பும் பருத்தியும் அடிமைகளின் உழைப்பில் விளைந்தன. அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்து, 1838ஆம் ஆண்டில் முழு விடுதலை கிடைத்தது. பிரிட்டிஷ் அரசாங்கம் அதற்காக 2 கோடி பவுன் இழப்பீடு ஒதுக்கியது. யாருக்கு? அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு. தலைமுறை தலைமுறையாகக் கூலியின்றி உழைத்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை.

விடுதலை பெற்றவர்கள் பழைய தோட்டத்தில் அடிமாட்டுக் கூலிக்கு வேலை செய்ய மறுத்தனர். அப்போது முதலாளிகளின் பார்வை இந்தியாவின் மீது விழுந்தது. 1838இல் கயானாவுக்கும், 1845இல் டிரினிடாடுக்கும், 1857இல் கிரனடாவுக்கும் இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோனார்கள். 1861ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் டிராவன்கூர் என்ற கப்பல் செயின்ட் வின்சென்ட் கரையை அடைந்தது. அதில் சுமார் 260 இந்தியர்கள் இருந்தனர். அக்கப்பல் எங்கிருந்து புறப்பட்டது தெரியுமா? சென்னையிலிருந்து. ஆம், நம் முன்னோர்கள் மலாயாவுக்குக் கப்பலேறிய அதே சென்னைத் துறைமுகத்திலிருந்துதான்.

ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு ஏறத்தாழ மூன்று மாதப் பயணம். கரையில் இறங்கியதும் ஐந்தாண்டு ஒப்பந்தம், கரும்புத் தோட்டம், கங்காணிப்பு, அபராதம். 1880ஆம் ஆண்டு வரையில் செயின்ட் வின்சென்ட்டுக்கு மட்டும் ஏறக்குறைய 2,500 பேர் வந்தனர். கரீபியன் வட்டாரம் முழுவதையும் சேர்த்தால் 4 லட்சத்துக்கும் மேல். சிலர் ஊர் திரும்பினர். பலர் அங்கேயே தங்கி மொழியை இழந்தனர். ஆனாலும் கயானாவிலும் டிரினிடாடிலும் மாரியம்மன் வழிபாட்டை மதராசிகள் கொண்டுவந்த வழிபாடு என்று இன்றும் சொல்கிறார்கள். அங்கே கறியும் ரொட்டியும் அன்றாட உணவு. செயின்ட் வின்சென்ட்டில் ஜூன் 1ஆம் நாளை இந்தியர் வருகை நாளாக நினைவுகூர்கிறார்கள்.

கடற்கரை விருந்தில் இசைக்கும் எஃகு மேளத்திற்கும் இதே வரலாறு உண்டு. டிரினிடாடில் அடிமைகளின் வழிவந்தவர்கள் பறை கொட்டுவதை 1880களில் வெள்ளையர் அரசாங்கம் தடுத்தது. அவர்கள் மூங்கிலைத் தரையில் தட்டித் தாளம் போட்டனர். பின்னர் 1930களின் இறுதியிலிருந்து, வீசியெறிந்த தகர டின்களையும் எண்ணெய்ப் பீப்பாய்களையும் தட்டித் தட்டிச் சுரம் பிறக்கவைத்தனர். 1992ஆம் ஆண்டில் அது டிரினிடாடின் தேசிய இசைக்கருவியாயிற்று. விருந்தாளிகள் ஆடுவது, தடுக்கப்பட்ட பறையின் பேரப்பிள்ளை எழுப்பும் ஒலிக்குத்தான்.

கரும்பும் பருத்தியும் விலை போகாமல் விழுந்தபின் கிரனடின்ஸ் மக்கள் மீன் பிடித்தும் மரப்படகு கட்டியும் வாழ்ந்தனர். பெருந்தீவு ஆரோரூட் மாவுக்குப் பெயர் பெற்றது. நம் தாய்மார்கள் வயிற்றுக்கோளாறுக்குக் காய்ச்சிக் கொடுப்பார்களே, அந்த மாவுதான். பிறகு உல்லாசப் பயணம் வந்தது. நிலத்தின் கதை மறுபடியும் மாறியது. 1958ஆம் ஆண்டில் மஸ்டீக் தீவு முழுவதையும் ஒரு பிரிட்டிஷ் பிரபு வீட்டுச் செல்வர் 45,000 பவுனுக்கு வாங்கினார். பின்னர் அது பெரும் பணக்காரர்களின் ஓய்வுத் தீவாயிற்று. கானுவான் தீவில் நிலத்தின் பெரும்பகுதி 1990ஆம் ஆண்டில் ஒரு விடுதிக்காக நீண்டகாலக் குத்தகைக்குப் போனது. தாங்கள் பிறந்து விளையாடிய கடற்கரைக்குப் போகவே வழி கேட்டு அந்தத் தீவு மக்கள் பல ஆண்டுகள் வாதாட வேண்டியிருந்தது. தோட்டம் போய்விட்டது, தோட்டத்து வேலி மட்டும் வேறு உருவில் நின்றது.

இதை முன்னரே உணர்ந்து பேசியவர் ஜேம்ஸ் மிட்செல். பெக்வே தீவைச் சேர்ந்த அவர், 1972ஆம் ஆண்டில் செயின்ட் வின்சென்ட்டின் முதல்வராக இருந்தபோது, உல்லாசப் பயணத் துறையைப் பற்றி ஒரு துணிவான உரையாற்றினார். வெளியார் கனவு காணும் சொர்க்கமாக நடிப்பது எங்கள் வேலையன்று என்பது அவருடைய கருத்து. விருந்தாளிகள் வரட்டும், ஆனால் எங்கள் உழவர் விளைவித்ததை உண்ணட்டும், எங்கள் மக்கள் நடத்தும் இடங்களில் தங்கட்டும், எங்கள் சுயமரியாதை குலையாத அளவில் இத்துறை வளரட்டும் என்று அவர் வாதிட்டார். கப்பலிலேயே உணவைக் கொண்டுவந்து, கரையில் உண்டு, மிச்சத்தையும் கப்பலுக்கே எடுத்துச் சென்றுவிட்டால், கரையில் வாழ்பவனுக்கு என்ன கிடைக்கும்?

ஒரு நல்ல எடுத்துக்காட்டும் அங்கே உண்டு. மைரோவுக்கு அருகில் டொபேகோ கீஸ் என்ற ஐந்து குட்டித் தீவுகள் இருக்கின்றன. பவளப்பாறைகள் வளையம்போல் சூழ, உள்ளே கடலாமைகள் மேயும் இடம். தனியாருக்குச் சொந்தமாக இருந்த அவற்றை 1999ஆம் ஆண்டில் அரசாங்கம் விலைக்கு வாங்கியது. இன்று அது பாதுகாக்கப்பட்ட கடற்பூங்கா. வருகிற படகுகள் கட்டணம் செலுத்தவேண்டும். உள்ளூர் மீனவர்கள் கரையில் அடுப்பு மூட்டி, சிங்கிறாலைச் சுட்டு விருந்தாளிகளுக்கு விற்கிறார்கள். இதுவும் கடற்கரை விருந்துதான். ஆனால் சமைக்கிறவனே கடைக்காரன்; காசு அவன் வீட்டுக்குப் போகிறது.

2024ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் பெரில் என்ற கடும்புயல் இத்தீவுகளைத் தாக்கியது. யூனியன் தீவில் பெரும்பாலான வீடுகள் கூரையிழந்தன அல்லது தரைமட்டமாயின. உல்லாசக் கப்பல் வேறு கடலுக்குத் திசை திருப்பிக்கொள்ளலாம். தீவில் பிறந்தவன் எங்கே போவான்? தகரத்தையும் பலகையையும் பொறுக்கி மீண்டும் வீடு கட்டவேண்டியவன் அவன்தான். ஒரு கடற்கரை யாருக்குச் சொந்தம் என்று கேட்கும்போது, புயலுக்குப் பின்னும் அங்கே இருப்பவர் யார் என்று பார்ப்பது நல்ல அளவுகோல்.

நேயர்களே! உழைப்பவனுக்கு ஓய்வும் விளையாட்டும் கூடாது என்று இவ்வுரையின் கருத்தை யாரும் கொள்ளவேண்டாம். கடலில் குளிப்பதும், மணலில் பிள்ளைகளோடு உட்கார்ந்து உண்பதும் எல்லாருக்கும் உரிய மகிழ்ச்சிகள். பேருந்து பிடித்துப் போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போய்வரும் நம் குடும்பங்களுக்கும் அந்த மகிழ்ச்சி தெரியும். நாம் கேட்கவேண்டியது இதுதான்: அந்த மகிழ்ச்சிக்காக உழைத்தவனுக்கு நியாயமான பங்கு கிடைக்கிறதா? நிலமும் கரையும் அங்கே வாழ்பவன் கையைவிட்டுப் போகாமல் இருக்கிறதா?

இந்தக் கேள்வி நமக்குப் புதிதன்று. மலாயாவில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, துன் சம்பந்தன் அவர்களின் தலைமையில் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாதம் 10 வெள்ளி சேமித்த தொழிலாளர்கள் தோட்டங்களுக்கே பங்காளிகளானார்கள். டொபேகோ கீஸ் தீவுகளைத் தனியாரிடமிருந்து வாங்கிய அரசாங்கத்தின் செயலை, சென்னையிலிருந்து வேறு திசையில் கப்பலேறியவர்களின் பிள்ளைகளாகிய நாம் நன்றாகவே புரிந்துகொள்ள முடியும்.

அடுத்த முறை கடற்கரைக்குப் போகும்போது, அந்தக் கரையின் கதையை அங்கே படகு இழுக்கும் பெரியவர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். கேட்டதை உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.